வீட்டு வாசலும் ஆலை வாயிலும்

ஒரு தொழிலாளி நாள்தோறும் எத்தனை மணி நேரம் உழைக்கின்றார் என்று வினவினால், எட்டு மணி நேரம் என்று விடை கூறுவது வழக்கம். ஆலை வாயிலில் உள்ள கடிகாரமும் வருகைப் பதிவேடும் அவ்வாறே கணக்கிடுகின்றன. ஆயின், அத்தொழிலாளியின் வீட்டு வாசலில் நின்று பார்ப்போர்க்கு அக்கணக்கு நிறைவுடையதாகத் தோன்றாது. அவர் விடியுமுன் எழுகின்றார், நடக்கின்றார், வண்டிக்குக் காத்து நிற்கின்றார், நெரிசலில் நின்றுகொண்டே செல்கின்றார், அதன் பின்னரே ஆலை வாயிலை அடைகின்றார். மாலையிலும் அவ்வழியே மீள்கின்றார். இவ்விரு பயணங்களும் அவருடைய ஓய்வைச் சேர்ந்தவையா, உழைப்பைச் சேர்ந்தவையா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண நம் நாட்டுச் சட்டத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றை அறிந்துகொள்ளச் சென்னை மாநகரின் வடபகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் கடற்கரையை ஒட்டித் தெற்கு வடக்காக வரிசையுற அமைந்துள்ளன. கிழக்கே வங்கக் கடல்; அதன் கரையில் நெடுஞ்சாலை; அதற்கு மேற்கே இருப்புப்பாதை; அதற்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய். இந்நான்கும் ஏறத்தாழ இணையாகவே வடக்கு நோக்கிச் செல்கின்றன. இடையிலுள்ள குறுகிய நிலப்பரப்பிலேயே குடியிருப்புகளும், கோயில்களும், பள்ளிகளும், தொழிற்சாலைகளும், சரக்குக் கிடங்குகளும் நெருங்கி நிற்கின்றன. இங்கு வாழ்வோரின் நாள், பெரும்பாலும் ஒரு பயணத்தில் தொடங்கி மற்றொரு பயணத்தில் முடிகின்றது.

முற்காலத்தில் நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. தொழிலும் இல்லமும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் அது. திருவொற்றியூரை அடுத்துள்ள காலாடிப்பேட்டை என்னும் பெயரே இதற்குச் சான்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட் என்பவர். கிழக்கிந்தியக் கும்பெனியின் துணி வணிகத்துக்காக நெசவாளர்களை அவர் இங்குக் குடியமர்த்தினார். அவர் பெயரால் காலெட் பேட்டை என வழங்கிய ஊர், மக்கள் நாவில் காலாடிப்பேட்டை ஆயிற்று. அந்நெசவாளர்க்குத் தறியே தொழிற்சாலை. வீட்டின் முன்பகுதியே தறி நின்ற இடம். துணிகளை வெளுப்பவர்கள் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை எனப் பெயர் பெற்றது. தொழிலின் பெயரே ஊரின் பெயராக அமைந்ததிலிருந்து, மக்கள் தொழில் செய்த இடத்திலேயே வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

கடலோர மக்களின் வாழ்க்கையும் அத்தகையதே. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரையினின்று விலகி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் பண்டங்களையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பெற்ற அப்படகுகள் அலையின் மோதலுக்கு வளைந்து கொடுத்தன. அவற்றைச் செலுத்தியோரும், கட்டுமரம் ஏறி மீன் பிடித்தோரும் கரையிலேயே குடியிருந்தனர். குடிசையிலிருந்து சில அடி நடந்தால் தொழிற்களம் வந்துவிடும். அவர்க்குக் காற்றும் நீரோட்டமுமே நேரம் காட்டின.

வீட்டையும் தொழிலையும் பிரித்த மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அதன் அடையாளங்களுள் முதன்மையானது இராயபுரம் புகைவண்டி நிலையம். 1853ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்த் தொலைவுக்குப் புகைவண்டிப் போக்குவரத்துத் தொடங்கிற்று. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி நிலையம் இராயபுரமே. 1873ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்ற பின், தொலைதூரப் பயணிகள் படிப்படியாக அங்குச் செல்லலாயினர். எனினும், நெடிய தூண்களையுடைய இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. 1899ஆம் ஆண்டில் சென்னையையும் விசயவாடாவையும் இணைக்கும் வடக்குப் பாதை அமைந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் பொன்னேரியும் அப்பாதையின்மேல் உள்ள ஊர்களாயின.

துறைமுகமும் இதே காலத்தில் உருவாயிற்று. 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுகத்தை, 1881ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயல் சிதைத்தது. மீண்டும் கட்டப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் முயற்சியால் அது திருத்தமான வடிவம் பெற்றது. கப்பல்கள் கரையருகே வந்து நின்றன. சரக்குகளை இறக்கவும், ஏற்றவும், எண்ணவும், காக்கவும் ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டனர். அத்தனை பேர்க்கும் துறைமுகத்தின் அருகிலேயே வாழ இடமில்லை. எனவே, அவர்கள் தொலைவிலிருந்து வரத் தொடங்கினர்.

நாடு விடுதலை பெற்றபின் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் பெருகின. அதற்கு முன்பே மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கும்பெனியின் தொழிற்சாலை திருவொற்றியூரில் இயங்கிற்று. அக்கும்பெனியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘விம்கோ’ என்றனர். தொழிற்சாலை மறைந்த பின்னரும் ‘விம்கோ நகர்’ என்னும் பெயர் இரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் நிலைத்துவிட்டது. 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. எண்ணூரில் தொழிற்சாலை கொண்ட அந்நிறுவனம் 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களை இந்தியாவில் செய்வதற்கான நிறுவனம் தோன்றிற்று. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன்களைச் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் வண்டிச் சக்கரங்களுக்கான டயர்களைச் செய்யும் பெருநிறுவனமாக வளர்ந்தது.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பேருந்துகளின் அடிச்சட்டமும், மோட்டார் சைக்கிளும், டயரும் இவ்வட்டாரத்தில் உருவாயின. 1955ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் வடசென்னையிலேயே உள்ளது. நாடெங்கும் ஓடும் இரயில் பெட்டிகள் அங்கு உருவாகின்றன. நாட்டு மக்கள் வேலைக்குச் செல்வதற்கு வேண்டிய ஊர்திகளைச் செய்து தரும் வட்டாரம் இது. அவ்வூர்திகளைச் செய்த கைகளோ, அன்றாடம் நெரிசலில் கம்பியைப் பற்றிக்கொண்டு ஆலைக்குச் சென்று திரும்பின.

இனி, ஒரு நாளின் ஓட்டத்தைக் காண்போம். வைகறை நான்கு மணிக்கே பல வீடுகளில் விளக்கு எரியும். காலை முறைப் பணிக்குச் செல்பவர் ஆறு மணிக்கு ஆலைக்குள் இருத்தல் வேண்டும். அவர் எழுவதற்கு முன்பே அடுப்பு மூட்டப்பட்டிருக்கும். சோறு வடித்து, குழம்பு வைத்து, தூக்குப் பாத்திரத்தில் நிரப்பிக் கொடுப்பவர் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். வண்டியைப் பிடிக்க ஓடுபவர் ஒருவரே; அவ்வண்டியின் நேரத்துக்கு ஏற்ப எழுந்து இயங்குவோர் இல்லத்தார் அனைவரும் ஆவர். அவ்வீட்டுப் பெண்களும் வேலைக்குச் செல்பவராயின், அவர்கள் இரண்டு கடமைகளை முடித்த பின்னரே மூன்றாவதாகப் பயணத்தைத் தொடங்குகின்றனர்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகள் இராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகக் கொருக்குப்பேட்டையை அடைகின்றன. சென்ட்ரலிலிருந்து வருபவை பேசின் பாலம் வழியாக அங்கு வந்து சேர்கின்றன. அதன்பின் தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி எனத் தொடர்ந்து கும்மிடிப்பூண்டி வரை பாதை செல்கின்றது. 1979ஆம் ஆண்டில் இப்பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. சென்னை நகரின் தென்பகுதியில், கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, 1931ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டிகள் ஓடலாயின. வடபகுதியின் தொழிலாளர், தென்பகுதியினர் பெற்ற அவ்வசதிக்கு மேலும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வண்டிகளுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. பல நகரங்களில் காலையில் மக்கள் வெள்ளம் நகரின் நடுவை நோக்கி ஒரே திசையில் பாயும். மாலையில் அது திரும்பிப் பாயும். வடசென்னையிலோ இரு திசையிலும் வெள்ளம் ஓடுகின்றது. துறைமுகத்துக்கும் கடைவீதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்வோர் தெற்கு நோக்கி வருகின்றனர். எண்ணூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் செல்வோர் வடக்கு நோக்கிப் போகின்றனர். ஒரே நடைமேடையில் இரவுப் பணி முடிந்து கண் சிவந்து இறங்குவோரும், காலைப் பணிக்குக் குளித்து வெண்ணீறு பூசி ஏறுவோரும் எதிர்ப்படுவர்.

வண்டிக்குள் ஒரு சிறிய உலகமே இயங்குகின்றது. நாள்தோறும் ஒரே பெட்டியில் ஏறுவோர் காலப்போக்கில் நண்பர்களாகிவிடுகின்றனர். ஒருவர் வரவில்லையெனின் மற்றவர் காரணம் கேட்கின்றனர். மாதப் பயணச் சீட்டாகிய ‘சீசன் டிக்கெட்’ வைத்திருப்போர் தமக்குரிய இடத்தை நோக்கி நேரே நடப்பர். மாணவர் பாடம் படிப்பர். சிலர் செய்தித்தாளைப் பங்கிட்டுக்கொள்வர். இரவெல்லாம் உழைத்தவர் சாளரத்தில் தலை சாய்த்து உறங்குவார். அவர் இறங்க வேண்டிய நிலையம் வந்ததும் அருகிலிருப்பவர் தட்டி எழுப்புவார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன்னரே ஏலம் தொடங்கிவிடும். அங்கு மீன் வாங்கிய மகளிர் கூடையுடன் தம் ஊர்ச் சந்தைக்கு விரைவர். வெயில் ஏறினால் மீன் கெடும். வண்டி தவறினால் அன்றைய முதலும் போகும். அவர்க்கு இப்பயணம் வேலைக்குச் செல்லும் வழியன்று. வேலையின் ஒரு பகுதியே ஆகும்.

ஆயினும் இப்பாதையில் செல்வன தொழிலாளர் வண்டிகள் மட்டும் அல்ல. கொல்கத்தா, தில்லி முதலிய தொலைவான நகரங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளும், அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டு செல்லும் சரக்கு வண்டிகளும் இவ்வழியே செல்கின்றன. விரைவு வண்டி கடக்கும் வரை தொழிலாளர் வண்டி ஒதுங்கி நிற்க நேர்வதும் உண்டு. தொலைதூரம் செல்பவர் பத்து நிமிடத் தாமதத்தைப் பெரிதாகக் கருதமாட்டார். நாட்கூலி பெறுபவர்க்கோ பத்து நிமிடத் தாமதம் அரைநாள் கூலியை இழக்கச் செய்யலாம்.

சாலை வழிப் பயணம் இன்னும் கடினமானது. 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் முனையம் தொடங்கப்பெற்றது. ‘கண்டெய்னர்’ என வழங்கும் அப்பெட்டகங்கள் ஒவ்வொன்றும் இருபது அல்லது நாற்பது அடி நீளமுடையவை. அவற்றைச் சுமந்த லாரிகள் துறைமுக வாயிலில் நுழைவதற்காக எண்ணூர் நெடுஞ்சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் நீண்ட வரிசையில் நிற்பது வழக்கமாயிற்று. அவ்வரிசையின் ஓரத்தில் எஞ்சிய சிறு இடைவெளியிலேதான் மிதிவண்டியும், மோட்டார் சைக்கிளும், ஆட்டோவும், பேருந்தும் செல்ல வேண்டியிருந்தது. உயரமான லாரியில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்க்குத் தம் முன்சக்கரத்தின் அருகே செல்லும் மிதிவண்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. இச்சாலையில் நேர்ந்த விபத்துகள் பல குடும்பங்களைத் தவிக்க விட்டுள்ளன.

கடலும் இச்சாலையை விட்டுவைக்கவில்லை. நம் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. துறைமுகத்தின் சுவர்கள் அதனைத் தடுத்தமையால், தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து கரை அரிக்கப்பட்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடுகளும் சாலைப் பகுதிகளும் அலைகளுக்கு இரையாயின. பெரும் பாறைகளைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. மாலை வேளையில் மெரினா மணலில் காற்று வாங்குவோர், அம்மணற்பரப்பின் மறுபக்கமே எண்ணூர்ச் சாலையின் கற்சுவர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இப்பயணம் ஒருவரின் வாழ்நாளில் எவ்வளவு காலத்தை எடுத்துக்கொள்கின்றது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொன்னேரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்கு வருபவர், நடை, காத்திருப்பு, வண்டிப் பயணம் எல்லாம் சேர்த்துப் போவதற்கு ஒன்றரை மணி நேரமும், மீள்வதற்கு ஒன்றரை மணி நேரமும் செலவிடுவதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 3 மணி. மாதத்துக்கு 25 வேலை நாள் எனின் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. வாரத்துக்கு 48 மணி வேலை என்று பகுத்தால், இது ஏறத்தாழப் பத்தொன்பது வார வேலைக்குச் சமம். முப்பது ஆண்டுகள் பணியாற்றினால் 27,000 மணி. அஃதாவது 1,125 நாள். இரவு பகலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் வழியிலேயே வாழ்ந்திருப்பார். அவ்வாண்டுகளுக்கு ஊதியம் இல்லை. அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதும் இல்லை.

வேலை நேரத்தைக் குறைப்பதற்கே தொழிலாளர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27ஆம் நாள், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. திரு.வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்துக்காக அரும்பாடுபட்டார். பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர் முன்வைத்த முறையீடுகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு அளிக்கப்பெற்ற அரைமணி நேரம் போதவில்லை என்பதாகும். 1923ஆம் ஆண்டில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். 1922ஆம் ஆண்டுச் சட்டம் வார வேலையை 60 மணியாகவும், 1934ஆம் ஆண்டுச் சட்டம் 54 மணியாகவும் வரையறுத்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அது 48 மணியாக இருந்தது. இவையாவும் ஆலை வாயிலுக்கு உட்பட்ட நேரத்தையே கருதின. வாயிலுக்கு வெளியே தொழிலாளிக்கு நேர்வது அவருடைய சொந்தப் பொறுப்பு என்றே கொள்ளப்பட்டது.

இதன் விளைவு என்னவென்று ஒரு நிகழ்ச்சி காட்டும். 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குசராத்துக் கடற்கரையில் போர்பந்தர் நகரை அடுத்த உப்பளத் தொழிலாளர் சிலர், வேலை முடிந்து வீடு திரும்பப் படகில் கழியைக் கடந்தனர். காற்று கடுமையாக இருந்தது. படகில் ஆட்களும் மிகுதி. படகு கவிழ்ந்தது, சிலர் மூழ்கி இறந்தனர். குடும்பத்தார் இழப்பீடு கேட்டனர். 1958ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அப்படகுத் துறை பொதுமக்கள் அனைவர்க்கும் உரியது. ஆகவே, அங்கு நேர்ந்த விபத்துப் பணியின்போது நேர்ந்தது ஆகாது என்று தீர்ப்பளித்தது. எண்ணூர்க் கழியின் கரைகளிலும் உப்பளங்கள் இருந்தன. மக்கள் படகில் கழியைக் கடந்தனர். ஆதலின், அத்தீர்ப்பு நம் ஊர்த் தொழிலாளர்க்கும் உரியதாகவே இருந்தது.

ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறொரு வழக்கு வந்தது. பம்பாய் நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், பணி முடிந்தபின் தம் நிறுவனத்தின் மற்றொரு பேருந்தில் ஏறி வீடு திரும்பும்போது விபத்தில் இறந்தார். ஓட்டுநர்கள் உரிய நேரத்தில் வருவதற்காகவே நிறுவனம் அவ்வசதியை அளித்தது. எனவே, அப்பயணமும் பணியின் நீட்சியே என்று 1963ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கருதிற்று. ஆயின், சொந்த மிதிவண்டியில் செல்பவர்க்கு அந்நீட்சி கிட்டவில்லை. கேரளத்தில் ஒரு தொழிலாளி பணி தொடங்கக் கால்மணி நேரம் இருக்கையில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர்த் தொலைவில், மிதிவண்டியில் வரும்போது லாரி மோதிக் காயமுற்றார். அவ்வழக்கில் 1996ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமையவில்லை.

உலக நாடுகள் பலவற்றில் இக்கருத்து முன்னரே மாறியிருந்தது. செருமனி நாடு 1925ஆம் ஆண்டிலேயே வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தைத் தொழில் விபத்தாக ஏற்றது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1964ஆம் ஆண்டில் உருவாக்கிய உடன்படிக்கை, வழியில் நேரும் விபத்தையும் கருத்தில் கொள்ளுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இறுதியில், 2010ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பெற்றது. தொழிலாளி தம் வீட்டிலிருந்து பணியிடத்துக்குச் செல்லும்போதோ, பணி முடிந்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்து, பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று அது கூறிற்று. அவ்விபத்து நேர்ந்த சூழலுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் அவருடைய வேலையோடு தொடர்பு இருத்தல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

காப்பீட்டில் சேராத தொழிலாளர்க்கும் இந்நெறி பொருந்துமா என்னும் ஐயம் பின்னரும் இருந்தது. மகாராட்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலர் ஒருவர் 2003ஆம் ஆண்டில், அதிகாலைப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, ஆலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்த் தொலைவில் விபத்தில் இறந்தார். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம், 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருளைக் கொண்டு, அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கொள்கை இடம்பெற்றது. 1952இல் கழியில் மூழ்கியவர்களின் குடும்பங்கள் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சட்டம் விபத்துக்குப் பின் துணை நிற்பது. நல்ல பாதையும் ஊர்தியும் விபத்துக்கு முன்னரே காப்பவை. அவ்வகையிலும் மாற்றங்கள் வந்துள்ளன. சென்னையில் 1895ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை ‘டிராம்’ வண்டிகள் ஓடின. அவை நின்றபின் பேருந்துகளே சாலைப் பயணிகளைத் தாங்கின. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டருக்கு மெட்ரோ இரயில் பாதை திறக்கப்பெற்றது. சிறிது தொலைவு நிலத்தின் அடியிலும், எஞ்சிய தொலைவு தூண்களின் மேலும் அது செல்கின்றது. லாரிகளின் நெரிசல் அதனைத் தடுப்பதில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழிவகை செய்யப்பெற்றது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் மகளிர்க்கு, அன்றாடம் மிஞ்சும் அச்சிறு தொகை மாத இறுதியில் பெருந்துணையாகின்றது.

எனினும், ஊர்தி மட்டும் தொலைவைக் குறைத்துவிடாது. மக்கள் எங்குக் குடியமர்த்தப்படுகின்றனர் என்பதும் கருதத்தக்கது. நகரின் நீர்நிலைக் கரைகளிலும் நடுப்பகுதிகளிலும் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு, இந்நூற்றாண்டில் தெற்கே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகள் அளிக்கப்பெற்றன. வெள்ளம் புகாத உறுதியான வீடு கிடைத்தது. ஆயின், பழகிய தொழிலிடம் தொலைவாயிற்று. வீடு கட்டுவோர், அவ்வீட்டில் வாழ்பவர் விடியற்காலையில் எவ்வழியே வேலைக்குச் செல்வார் என்பதையும் வரைபடத்தில் குறித்தல் இன்றியமையாதது. ஆலை அமைப்போர்க்கும் சாலை வகுப்போர்க்கும் இது பொருந்தும்.

பயணிகளாகிய நமக்கும் கடமைகள் உண்டு. படியில் தொங்கிச் செல்வதும், இருப்புப்பாதையைக் குறுக்கே கடப்பதும் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தலாம். அந்த இரண்டு நிமிடத்துக்கு விலையாக ஓர் உயிரை வைத்தல் அறிவுடைமை ஆகாது. இறங்குவோர்க்கு முதலில் வழி விடுதல், முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் இடம் தருதல், களைத்து உறங்குபவரை எள்ளாமல் எழுப்பிவிடுதல் ஆகியவை செலவில்லாத உதவிகள். அவை இப்பயணத்தைத் தாங்கத்தக்கதாக ஆக்குகின்றன.

மாணவர்களே! நீங்கள் காலையில் பள்ளிக்குச் செல்லும் அதே சாலையிலும் வண்டியிலும் உங்கள் ஊரின் தொழிலாளரும் செல்கின்றனர். மின்விளக்கு எரிவதற்கும், துறைமுகத்தில் சரக்கு இறங்குவதற்கும், சந்தைக்கு மீன் வருவதற்கும் அவர்களே காரணர். ஆலைக்குள் அவர்கள் ஆற்றும் பணியை ஊதியம் அளவிடுகின்றது. வீட்டு வாசலுக்கும் ஆலை வாயிலுக்கும் இடையே அவர்கள் நாள்தோறும் செலுத்தும் காலத்தை அளவிட ஊதியப் பட்டியலில் இடமில்லை. நாளை நீங்கள் பொறியாளராகவோ, ஆலை நடத்துவோராகவோ, சட்டம் இயற்றுவோராகவோ ஆகும்போது, ‘வேலை எட்டு மணிக்குத் தொடங்குகின்றது’ என்று எழுதுமுன், அவ்வேலைக்கு வருபவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்பதையும் கேட்டறியுங்கள்.